வெயில் நாட்டின் குளிர்ந்த வீடுகள்

ஸ்பெயினின் அல்புஹார்ரா மலைக்கிராமங்களில் குடியேறிய பிரிட்டிஷாரும் ஜெர்மானியரும் குளிர்காலத் தனிமை தாளாமல் ஊர் திரும்புவதாக நான் படித்த ஒரு கட்டுரை கூறுகிறது. தனிமையைவிட வீட்டுக் குளிரே அவர்களை வாட்டுகிறது என்பது என் உறுதியான கருத்து. சியெர்ரா நெவாடா மலைத்தொடரின் தெற்குச் சரிவில், ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் உள்ள காபிலெய்ரா என்ற அப்பகுதிக் கிராமத்தின் வீடுகள் தடித்த கற்சுவர்களும் சிறு சன்னல்களும் கொண்டவை. கோடைக்கு அவை அருமை, ஆனால் ஜனவரியில் தெருவில் வெயில் காய்ந்தாலும் உள்ளே சுவர் சில்லிட்டே கிடக்கும். தட்டைக் கூரைமேல் பரப்பிய சாம்பல்நிறக் களிமண்ணையும் மழைக்கு முன்பே செப்பனிட வேண்டும், இல்லையேல் ஒழுகும்.

உள்ளூர் மக்கள் முழு வீட்டையும் சூடாக்க முனைவதில்லை. வட்ட மேசைமீது தரைவரை தொங்கும் கனத்த துணியை விரித்து, அடியில் கணப்பு வைத்து (முன்பு கரித்தணல், இப்போது பெரும்பாலும் மின்சாரம்), துணியை மடிமேல் இழுத்துவிட்டுக்கொண்டு குடும்பமாக உட்கார்ந்து பேசுகிறார்கள். குளிருக்கும் தனிமைக்கும் அந்த மேசையே மருந்து. புதிதாக வருபவர்களோ கோடையிலேயே வாங்கி உலர்த்தியிருக்க வேண்டிய ஒலிவ விறகை டிசம்பரில் தேடி அலைகிறார்கள். அங்கே வீடு வாங்க விரும்புவோர் பிப்ரவரியில் சில வாரங்களாவது வாடகைக்குத் தங்கிப் பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும் என்பதையும் கட்டுரையில் சேர்த்திருக்கலாம்.