ஊர் பாத்துடுமேன்னு ஏ.ஏ. மீட்டிங்குக்குப் போகாம இருக்கவங்களுக்கு

காரைக்குடிப் பக்கம் குடியை விடணும்னு நினைக்கிறவர் முதல்ல போறது கோயிலுக்குத்தான். கயிறு கட்டுவார், மாலை போடுவார், தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடப்பார். விரதம் முடியுற வரைக்கும் சொட்டுகூடத் தொடமாட்டார். ஊர் திரும்பின ரெண்டாம் நாள் பழையபடி கடை வாசல்ல நிப்பார். அவர் பக்திமேல தப்பு சொல்ல முடியாது. விரதத்துக்கு முடியுற தேதி இருக்கு, குடிநோய்க்கு அது கிடையாது. ஆஸ்பத்திரியில சேத்து வெளிய வந்தாலும் இதேதான் நடக்குது. டிஸ்சார்ஜ் ஆனப்புறம் சாயங்காலம் ஆறு மணிக்கு மனுஷன் எங்க போவார்னு வீட்ல யாரும் யோசிக்கிறதில்ல.

குடியை விட நினைக்கிறவங்க ஒண்ணா உக்காந்து மனசுவிட்டுப் பேசுற ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) மீட்டிங் அந்த ஆறு மணிக்காகத்தான். ஆனா "இன்னார் வீட்டுப் பிள்ளைன்னு பேசுவாங்களே"ங்கிற பயம் நம்ம ஊர்ல பெரிய தடை. டாஸ்மாக் வாசல்ல பட்டப்பகல்ல நின்னப்பவே ஊர் பாத்தாச்சு. இனிமே புதுசா தெரிய என்ன இருக்கு?

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935-ல அமெரிக்காவுல ஆக்ரன் நகரத்துல, குடிநோயாளிகளா இருந்த ஒரு பங்குத் தரகரும் ஒரு அறுவை சிகிச்சை டாக்டரும் ஆரம்பிச்சது. குடியை நிறுத்தணும்ங்கிற விருப்பம் இருந்தா போதும், கட்டணமோ உறுப்பினர் சந்தாவோ கிடையாது. முழுப்பேரையும் வேலையையும் சொல்லணும்னு கட்டாயமில்ல.

ஒண்ணு முக்கியம். தினமும் குவாட்டர், ஆஃப்னு போட்டுக்கிட்டு இருக்கவர் சட்டுனு நிறுத்திட்டு நேரா மீட்டிங்ல போய் உக்காரக் கூடாது. சில மணி நேரத்துல கை நடுக்கம், வேர்வை ஆரம்பிக்கும். முதல் ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம். ரெண்டுல இருந்து நாலு நாளைக்குள்ள இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், புத்தி குழம்பும், உயிருக்கே ஆபத்து. முதல்ல அரசு ஆஸ்பத்திரி மனநல ஓ.பி.யைப் பாத்து மருந்தோட நிறுத்துங்க. வீட்ல தெரியாம குழம்புல டைசல்ஃபிரம் மாத்திரையை (குடிச்சா உடம்புக்கு ஒத்துக்காமப் பண்ற மருந்து) கலக்குற வேலையும் வேணவே வேணாம். அதுக்கு மேல அவர் குடிச்சா பிரஷர் இறங்கிச் சாகக்கூட வாய்ப்பிருக்கு.

மீட்டிங் எங்க நடக்குதுன்னு தெரிஞ்சுக்க, அந்த ஓ.பி.யில இருக்க கவுன்சிலர்கிட்டயே "இங்க இருந்து போனவங்க எந்த மீட்டிங்குக்குப் போறாங்க?"ன்னு கேளுங்க. போதை மீட்புக்கான 14446, மனநலத்துக்கான 14416 ரெண்டு இலவச எண்கள்லயும் கேக்கலாம். ஏ.ஏ. இணையதளத்துப் பட்டியலை மட்டும் நம்பி பஸ் ஏறாதீங்க. இடம் மாறியிருக்கும், நாள் மாறியிருக்கும். அன்னைக்குக் காலையிலயே தொடர்பு எண்ணுக்குப் போன் போட்டு எந்த வாசல், எந்த அறை, தமிழ்லதானா, ஓபனா க்ளோஸ்டான்னு கேட்டுக்கோங்க. ஓபன்னா மனைவியோ அண்ணனோ கூட வரலாம். க்ளோஸ்டுன்னா குடிநோயாளிக்கு மட்டும்தான். சர்ச் வளாகம்னு சொன்னா மதம் மாத்துவாங்களோன்னு பதறாதீங்க. வாடகை கம்மின்னு அங்க வைப்பாங்க, அவ்வளவுதான்.

உள்ளூர்ல முகம் காட்டவே முடியாத வேலைன்னா மதுரைக்கோ திருச்சிக்கோ போங்க. பஸ்ல ரெண்டு மணி நேரம் ஆகும். ராத்திரி எட்டரைக்கு முடியுற மீட்டிங்குக்குப் போனா வீடு வந்து சேர பதினொண்ணு தாண்டிடும், அந்த அலுப்புலயே அடுத்த வாரம் நின்னு போகும். ஞாயித்துக்கிழமை காலை மீட்டிங்கா பாத்து எடுங்க. நடுவுல ஆன்லைன் மீட்டிங் வச்சுக்கலாம். நம்ம ஊர்ப் பொம்பளைங்களுக்கு ஆரம்பத்துல ஆன்லைன்தான் தோது.

உள்ள ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் நடக்கும். வட்டமா நாற்காலி, சுவத்துல, குடியில இருந்து மீள ஏ.ஏ. சொல்ற பன்னிரண்டு படிகள் எழுதின தட்டி. ஒருத்தர் பேசும்போது மத்தவங்க குறுக்க பேச மாட்டாங்க, புத்தி சொல்லவும் மாட்டாங்க. புதுசா வந்தவர் சும்மா உக்காந்து கேட்டாலே போதும். காணிக்கைப் பை சுத்தி வரும், முதல் நாள் போடணும்னு இல்ல. பலபேர் கோட்டை விடுறது கடைசியில. பிரார்த்தனை முடிஞ்சதும் செருப்பை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவாங்க. போன் நம்பர் கைமாறுறது அதுக்கப்புறம் டீ குடிக்கிறப்பதான். சனிக்கிழமை ராத்திரி கை அரிக்கும்போது கூப்பிட அந்த நம்பர்தான் உதவும். ஒரே மீட்டிங்கைப் பாத்துட்டு "நமக்கு ஒத்துவராது"ன்னு விட்டுடாதீங்க, ஒரு ஆறு தடவையாவது போய்ப் பாருங்க. வீட்ல இருக்கவங்களுக்கு 'அல்-அனான்'ங்கிற பேர்ல தனி மீட்டிங் இருக்கு. "உள்ள என்ன பேசினாங்க?"ன்னு மட்டும் அவரைத் துருவாதீங்க.

தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் எதுவுமே அமையலன்னா, குடியை நிறுத்தணும்னு ரெண்டு பேர் சேந்தாலே ஒரு குரூப் ஆரம்பிக்கலாம். பக்கத்து ஊர் பழைய குரூப்ல இருந்து ஒருத்தரை வரச் சொல்லிக் கத்துக்கோங்க. வீட்ல மட்டும் வைக்காதீங்க. வளவு வீட்டு முகப்புல இடம் தாராளமா இருக்கும்தான், ஆனா வீட்டுக்காரரே தலைவராயிடுவார். நாளை மாத்தாதீங்க, ஆளே வரலன்னாலும் கதவைத் தொறந்து வைங்க. உறுப்பினருக்குள்ள கடன் கொடுக்கல் வாங்கல் வேணாம், குரூப் உடையுறது பெரும்பாலும் அங்கதான்.

நம்ம ஊர்னா யாராச்சும் ஒரு பெரியவர் "வாடகையை நான் கட்டளையா ஏத்துக்குறேன்"னு மனசார வருவார். ஏ.ஏ.வுல வெளியாள் பணம் வாங்குறதில்ல. அறையைக் கொடுங்கய்யா, வாடகையை நாங்க கட்டிக்கிறோம்னு சொல்லிடுங்க.