டிப்ளமோ வேறு, முதுகலைப் பட்டம் வேறு

"ஏசிஜேவில் (ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம்) ஒரு வருடம் படித்தால் எம்.ஏ. இதழியலுக்குச் சமம், நேரே நெட் (கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு) எழுதி விரிவுரையாளர் ஆகலாம்" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு.

தரமணியில் உள்ள ஏசிஜே தருவது முதுநிலை டிப்ளமோ. செய்தி அறை வேலைக்கு அது நல்ல தகுதி. அங்கே பட்டத்தைவிட நீங்கள் எழுதிக் காட்டும் செய்திதான் பேசும். ஆனால் யுஜிசி நெட் கேட்பது முதுகலைப் பட்டம், அதுவும் 55 சதவீதத்துடன். ஓபிசி (கிரீமி லேயர் நீங்கலாக), எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகள், மூன்றாம் பாலினத்தவருக்கு 50. 54.9 எடுத்தவர் அதை 55 ஆக முழுமையாக்கிக்கொள்ள முடியாது. பலர் சறுக்குவது இங்கேதான். டிப்ளமோவை வைத்து விண்ணப்பிப்பதானால், அது முதுகலைக்குச் சமமா என்று இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பிடம் முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ள வேண்டும். பணம் கட்டிய பிறகு அல்ல.

டெல்லியில் உள்ள ஐஐஎம்சி (இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம்) தருவது டிப்ளமோவா, பட்டமா என்ற குழப்பம் புரிகிறது. அங்கும் நெடுங்காலம் டிப்ளமோதான். 2024 ஜனவரியில் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆன பிறகே பட்டம் வழங்கும் அதிகாரம் வந்தது. பழைய சான்றிதழ் தானாக எம்.ஏ. ஆகிவிடாது.

கற்பித்தல்தான் குறி என்றால், சென்னைப் பல்கலைக்கழகத்தின் இதழியல் துறை போன்ற இடத்தில் இரண்டாண்டு எம்.ஏ. படியுங்கள். இறுதியாண்டிலேயே நெட் எழுதலாம்; அதில் இதழியலுக்கான பாட எண் 63.