19 ஊழியர்கள், 14 ஆலோசகர்கள்

சுவேதா (மனிதவளப் பிரிவு): சார், பழைய சம்பளக் கோப்பைப் பார்த்து மலைத்துவிட்டேன். ஆரம்ப காலத்தில் நம் கம்பெனியில் 19 ஊழியர்கள், ஆனால் 14 ஆலோசகர்களா!

ராமலிங்கம் (கணக்கர்): ஆமாம் அம்மா. அப்போது ஆலோசனைக்குப் பஞ்சமே இல்லை.

சுவேதா: இவர்கள் படங்களை வரவேற்பறையில் மாட்டப்போகிறோம். கோவிந்தன் எந்தத் துறை நிபுணர்?

ராமலிங்கம்: தேநீர்.

சுவேதா: தேயிலை ஏற்றுமதியா?

ராமலிங்கம்: மேசைக்கு மேசை விநியோகம்.

சுவேதா: அப்படியானால் முனுசாமி?

ராமலிங்கம்: பாதுகாப்பு ஆலோசகர். கேட்டைத் திறந்துவிடுவார்.

சுவேதா: தேவகி?

ராமலிங்கம்: சுகாதார ஆலோசகர். தினமும் காலையில் துடைப்பத்துடன் வருவார்.

சுவேதா: இவர்களையெல்லாம் எதற்கு ஆலோசகர் என்று...

ராமலிங்கம்: ஆள்கணக்கு 20 ஆனால் வருங்கால வைப்புநிதிச் சட்டம் வாசலில் வந்து நிற்கும். அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் முதலாளி கட்ட வேண்டும். அதனால் எங்களுக்கு 19க்கு அடுத்த எண் ஆலோசகர்.

சுவேதா: அது தவறு சார். ஒப்பந்த ஆள்களும் கணக்கில் சேர்வார்களே!

ராமலிங்கம்: சட்டத்துக்குத் தெரியும். ஆய்வாளர் வந்தால்தானே அவருக்குத் தெரியும்? படத்தை அவசியம் மாட்டுங்கள் அம்மா. இத்தனை நாள் சட்டத்துக்கு வெளியே நின்றவர்கள், படமாகவாவது சட்டத்துக்குள் வரட்டும்.

சுவேதா: ஆனால் அப்போது எல்லோரும் ஒரே குடும்பமாக இருந்தோம் என்று தலைவர் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிறாரே?

ராமலிங்கம்: குடும்பம்தான். எந்தக் குடும்பத்தில் வைப்புநிதி பிடிக்கிறார்கள்? வரி மட்டும் பிடித்தோம். கோவிந்தனின் பணத்தில் 10 சதவீதம், நிபுணர் கட்டணத்துக்கான வரி என்று போய்விடும். அதைத் திரும்ப வாங்க அவர் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். நான்தான் செய்து கொடுத்தேன். இந்த ஊரிலேயே ஃபிளாஸ்க்கும் கையுமாக ரீஃபண்டுக்குக் காத்திருந்த நிபுணர் அவர் ஒருவர்தான்.

சுவேதா: இப்போது எல்லாம் முறைப்படி நடக்கிறது சார்.

ராமலிங்கம்: நடக்காமல்? முதலீட்டாளர் பணம் போடுவதற்கு முன் ஆடிட்டரை அனுப்பிக் கணக்கைப் புரட்டினார். மறுநாளே தலைவருக்குச் சட்டத்தின் மேல் அப்படி ஒரு பக்தி.

சுவேதா: உடனே ஆலோசகர்களை ஊழியர்களாக்கிவிட்டார்களா?

ராமலிங்கம்: ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. நிபுணர்கள் அல்லவா, வேறு இடத்தில் வாய்ப்புகள் குவிந்திருக்கும். கோவிந்தன் நின்ற இடத்தில் இயந்திரத்தை வைத்தார்கள். அதற்கு வைப்புநிதியும் வேண்டாம், குடும்பப் பாசமும் வேண்டாம்.

சுவேதா: அதுதான் போன வாரத்திலிருந்து ஓடவில்லையே சார்!

ராமலிங்கம்: தெரியும். பழுதுபார்க்க வருகிறவரை ஒப்பந்ததாரர் கணக்கில் எழுதுவதா, ஆலோசகர் கணக்கில் எழுதுவதா என்று உங்கள் பிரிவுக்குத்தான் கேட்டு அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.