மிஷ்கினின் சிறந்த படம் எது, மோசமான படம் எது: என் கட்சி

இயக்குநர் மிஷ்கினின் ரசிகர்கள் நாலு பேர் கூடினால் போதும், பத்து நிமிடத்தில் பட்டியல் தயாராகிவிடும். மேலே ‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’, கீழே ‘முகமூடி’, நடுவில் ‘பிசாசு’வா ‘யுத்தம் செய்’யா என்று கொஞ்ச நேரம் சண்டை. அவ்வளவுதான், விவாதம் முடிந்தது. இந்தப் பட்டியலோடு எனக்குப் பெரிய பகை இல்லை. ஆனால் மேலே இருப்பது ஏன் மேலே, கீழே இருப்பது ஏன் கீழே என்று கேட்டால், ஆளாளுக்கு ‘மேக்கிங்’ என்று ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மேக்கிங் எல்லாப் படத்திலும் ஒன்றுதானே? தலை குனிந்து நிற்கும் ஆட்கள், கால்களை மட்டும் காட்டும் ஷாட், ஆள் போன பிறகும் அசையாமல் நிற்கும் கேமரா, வரிசையில் நின்று ஒவ்வொருவராக வந்து அடிவாங்கும் ரௌடிகள், இரவு, ஆளில்லாத சென்னைத் தெரு. ‘அஞ்சாதே’யில் இருப்பதெல்லாம் ‘சைக்கோ’விலும் இருக்கிறது. அங்கே உடம்பு சிலிர்க்கிறது, இங்கே ‘என்னய்யா இது’ என்று தோன்றுகிறது. அப்படியானால் வித்தியாசம் வேறு எங்கோ இருக்கிறது.

நான் கண்டது இதுதான். மிஷ்கினின் விசித்திரமான மனிதர்களுக்கு எதிரே ஒரு சாதாரண மனிதன், சாதாரண வீடு, சாதாரணக் கவலை இருக்கும்போதெல்லாம் படம் எழுந்து நிற்கிறது. எல்லாருமே மிஷ்கின் ஆட்களாகிவிட்டால் படம் சரிந்துவிடுகிறது.

‘அஞ்சாதே’யை எடுத்துக்கொள்ளுங்கள். 2008இல் வந்த படம். கதை நடப்பது காவலர் குடியிருப்பில். எதிரெதிர் வீட்டில் வளர்ந்த இரண்டு நண்பர்கள். கிருபா ராத்திரி பகலாகப் படித்து எஸ்ஐ வேலைக்குத் தயாராகிறான், ஊர் சுற்றிக்கொண்டிருந்த சத்யா ஒரு ரோஷத்தில் சிபாரிசு பிடித்து அந்த வேலையை வாங்கிவிடுகிறான். படித்தவனுக்குக் கிடைக்கவில்லை. இதைவிடச் சாதாரணமான, நம்மூர் வீடுகளுக்குத் தெரிந்த வயிற்றெரிச்சல் வேறு உண்டா? வேலைக்காகப் படிக்கும் மகன், வேலையில்லாத மகன், அவர்களை வைத்துப் பேசும் அப்பாக்கள். இந்த வீட்டுக்குள்தான் பிரசன்னா நடித்த வில்லன் தயா வந்து சேர்கிறான். அதுவரை அமுல் பேபி போல நடித்துக்கொண்டிருந்த பிரசன்னாவை நீளமுடியோடு அப்படி ஒரு ஆளாகக் காட்டியதும், நம்மைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்த பாண்டியராஜனைக் கடத்தல்காரனாக உட்கார வைத்ததும் எவ்வளவு பெரிய துணிச்சல்! அந்த விசித்திரம் நம்மைத் தொந்தரவு செய்வதற்குக் காரணம், அது கிருபாவின் தங்கை இருக்கும் வீட்டுக்குள் நுழைகிறது என்பதுதான். அதனால் என் பட்டியலில் முதலிடம் ‘அஞ்சாதே’க்கு. ‘ஓநாய்’ இரண்டாவது. திட்டுபவர்கள் தாராளமாகத் திட்டுங்கள், நான் மாற்றப்போவதில்லை.

‘ஓநாயும் ஆட்டுக்குட்டியும்’ (2013) பற்றிப் பேசும்போது எல்லாரும் அந்தக் கல்லறைக் காட்சியைத்தான் சொல்வார்கள். மிஷ்கினே நடித்த ‘ஓநாய்’ என்கிற கொலைகாரன் தன் பாவத்தைக் குழந்தைக் கதையாகச் சொல்லும் இடம். நியாயம்தான், தமிழில் ஒரு நடிகரின் முகத்தை நம்பி அவ்வளவு நேரம் கேமரா நின்ற காட்சிகள் குறைவு. பாட்டே இல்லாத படத்தை இளையராஜா தாங்கிப் பிடித்ததையும் மறக்காமல் சொல்வார்கள். ஆனால் நான் ஸ்ரீ நடித்த சந்துருவைத்தான் முதலில் சொல்வேன். ரோட்டில் சுடப்பட்டுக் கிடப்பவனை வீட்டுக்குத் தூக்கி வந்து, பேராசிரியரிடம் போனில் கேட்டுக் கேட்டு அறுவை சிகிச்சை செய்கிறான் ஒரு மருத்துவ மாணவன். காலையில் எழுந்து பார்த்தால் அந்த ஆளைக் காணோம், போலீஸ் வந்து நிற்கிறது, அண்ணனும் அண்ணியும் சேர்ந்து மாட்டிக்கொள்கிறார்கள். நல்லது செய்யப் போய் இப்படி ஆயிற்றே என்ற அவனுடைய பதற்றம் நம்முடைய பதற்றம். சந்துரு இல்லாமல் ஓநாயை மட்டும் நேராகக் காட்டியிருந்தால், அந்தக் கல்லறைக் கதைக்கு நாம் இப்படி உருகியிருக்க மாட்டோம். நம் சார்பில் அந்தக் கதையைக் கேட்க அங்கே ஒருவன் உட்கார்ந்திருக்கிறான்.

‘பிசாசு’வும் அப்படியே. பேய்ப் படம்தான், ஆனால் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுகிறார், பேய்தான் காப்பாற்றுகிறது. ஃபிளாட் வாழ்க்கை, பக்கத்து வீடு, பேய் ஓட்ட வரும் போலி ஆசாமி. கடைசியில் ராதாரவி வந்து, செத்துப் பேயாகிவிட்ட தன் மகளை ‘வந்துடும்மா’ என்கிற மாதிரி அழைக்கும்போது அவர் ஒரு அப்பா, அவ்வளவுதான். எத்தனை படத்தில் வில்லனாகப் பார்த்த முகம் அது. அந்தக் காட்சியைத் தமிழில் வேறு யாரும் எழுதியிருக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை.

‘யுத்தம் செய்’ இதில் ஒரு படி மேலே போய் யோசித்த படம். அங்கே சாதாரணக் குடும்பமே பயங்கரமாக மாறுகிறது. டாக்டர் அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று இருந்த வீடு. ஒய்.ஜி. மகேந்திரனும் லட்சுமி ராமகிருஷ்ணனும் மொட்டைத் தலையோடு வந்து நிற்கும்போது அடிவயிறு கலங்கும். இந்தப் படத்தை இன்னும் யாரும் சரியாகக் கொண்டாடவில்லை என்ற வருத்தம் எனக்கு இருக்கிறது. சேரனை அப்படி இறுகிய முகத்தோடு, பேச்சைக் குறைத்து நடிக்க வைத்ததற்கே தனிப் பதிவு எழுதலாம்.

‘நந்தலாலா’வைப் பற்றிச் சுருக்கமாக. ஜப்பானிய இயக்குநர் டகேஷி கிட்டானோவின் ‘கிகுஜிரோ’ படத்தின் தடம் அதில் தெளிவாகத் தெரிகிறது, அதை மறுப்பதில் அர்த்தமில்லை. ஆனால் ரோகிணி வரும் அந்தக் கடைசிப் பகுதி மிஷ்கினுடையது, இளையராஜாவுடையது.

சரி, கீழ்ப்பக்கத்துக்கு வருகிறேன். ‘முகமூடி’ (2012) தோல்விதான், சந்தேகமே இல்லை. ஆனால் அதன் முதல் பாதியைத் திரும்பப் பாருங்கள். வேலைக்குப் போகாத மகன், திட்டும் அப்பா, குங்ஃபூ மாஸ்டர், மாஸ்டர் மேல் சீடர்களுக்கு இருக்கும் பாசம். அங்கே ஒரு உலகம் உருவாகிக்கொண்டுதான் இருந்தது. சூப்பர் ஹீரோ உடுப்பைப் போட்டதும் மிஷ்கின் அந்த உலகத்தைக் கழற்றி வீசிவிட்டார். இரண்டாம் பாதியில் வில்லன் நரேன் கத்துகிறார், சுத்தியல் சுழல்கிறது, நமக்கு ஒட்டவே இல்லை. ‘துப்பறிவாளன்’ இதற்கு நல்ல ஒப்பீடு. ஒரு சின்னப் பையன் தன் சேமிப்பை எடுத்துக்கொண்டு வந்து, என் நாய்க்குட்டியைக் கொன்றது யார் என்று கேட்கிறான். எவ்வளவு அழகான தொடக்கம்! அப்புறம் பெரிய கும்பல், பெரிய துரத்தல் என்று போய், அந்தப் பையன் நமக்கு மறந்தே போகிறான். இருந்தாலும் பார்க்கலாம், சண்டைக் காட்சிகள் அற்புதம்.

என்னைப் பொறுத்தவரை மோசமான மிஷ்கின் படம் ‘சைக்கோ’தான். இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது, ‘உன்ன நெனச்சு’ பாட்டைக் காட்டி வாயை அடைக்கிறார்கள். பாட்டு அருமை, படம் பார்ப்பதற்கு அழகாகவும் இருக்கிறது. ஆனால் யார் யார் இருக்கிறார்கள் பாருங்கள்: பார்வையற்ற இசைக்கலைஞன், கழுத்துக்குக் கீழே அசைவில்லாத முன்னாள் போலீஸ் அதிகாரி, தலையை வெட்டும் கொலைகாரன். மூவருமே மிஷ்கின் ஆட்கள். சாதாரண ஆட்களாக வரும் ராமும் சிங்கம்புலியும் ஓரமாக நிற்கிறார்கள். பார்வையற்றவன் கார் ஓட்டும்போது ‘ஐயோ’ என்று பதற அந்தக் கதைக்குள் ஒரு ஆள் இல்லை. புத்தர் மனம் மாற்றிய கொலைகாரன் அங்குலிமாலாவின் கதையை நம்பி எடுத்த படம், கொலைகாரனிடம் கருணை காட்டச் சொல்கிறது. கேட்கட்டும், அது மிஷ்கினின் ஆதாரமான கேள்வி, ‘ஓநாய்’ கேட்டதும் அதுதான். ஆனால் ஓநாய் தான் கொன்றவனின் கண் தெரியாத குடும்பத்தைச் சுமந்தான், கடைசிவரை விலை கொடுத்தான். இங்கே செத்துப்போன பெண்கள் யார், அவர்களுக்கு அம்மா அப்பா இருந்தார்களா என்று படம் நின்று பார்க்கவே இல்லை. அவர்களுடைய வீட்டுக்குள் ஒருமுறை போயிருந்தால், அதற்குப் பிறகும் கருணை கேட்டிருந்தால், நான் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன்.

‘முகமூடி’யில் அவருக்குப் பழக்கமில்லாத வேலை தவறிப்போனது. ‘சைக்கோ’வில் அவருடைய சொந்த வேலையே தவறிப்போனது. அதனால்தான் இரண்டாவது எனக்கு அதிகம் வலிக்கிறது.

‘சித்திரம் பேசுதடி’யை நான் எந்தப் பக்கமும் வைக்கவில்லை, முதல் படம், ‘வாளமீனு’ பாட்டுக்காகவே ஓடியது என்பவர்களோடு சண்டை போட நிறைய இருக்கிறது, அதைத் தனியாக எழுதுகிறேன். இப்போதைக்கு ‘சைக்கோ’ ரசிகர்கள் யாராவது, அந்தப் படத்தில் உங்களை எந்தக் கதாபாத்திரத்தின் இடத்தில் வைத்துப் பார்த்தீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.