கல்லீரலுக்குப் பரவிய குடல் புற்றுக்கு மஞ்சளும் மிளகும் போதுமா?

தர்மபுரி மாவட்டத்தில் பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் பக்கம் மஞ்சள் விளையாத ஊர் குறைவு. அதனால்தானோ என்னவோ, குடல் புற்று கல்லீரலுக்குப் பரவிவிட்டது என்று ஸ்கேனில் வந்ததும் வீட்டில் முதலில் எழும் பேச்சு இதுதான்: "கீமோ உடம்பைக் கெடுத்துடும். நிறுத்திட்டு மஞ்சளும் மிளகும் கொடுத்துப் பார்க்கலாமே."

செடியில் மருந்து இருக்கிறது என்ற நம்பிக்கையில் தவறே இல்லை. நிறுத்தச் சொல்கிற அந்த கீமோவே ஒரு மரத்திலிருந்து வந்ததுதான் என்பதை யாரும் சொல்வதில்லை என்பதுதான் வருத்தம்.

பரவிய பெருங்குடல் புற்றுக்கு ஏற்றப்படும் முக்கிய மருந்துகளில் ஒன்று இரினோடெக்கான். அதன் மூலப்பொருள் கேம்ப்டோதெசின். சீனாவில் வளரும் கேம்ப்டோதீக்கா மரத்திலிருந்து 1966-ல் மன்ரோ வால் என்ற விஞ்ஞானியும், இந்தியாவில் பிறந்த மன்சுக் வாணியும் அமெரிக்காவில் பிரித்தெடுத்தார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் நோத்தபோடைட்ஸ் மரத்திலும் இதே பொருள் உண்டு. அதற்காகவே அந்த மரம் வெட்டித் தீர்க்கப்படுகிறது. பிரித்தெடுத்ததை அப்படியே நோயாளிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். தண்ணீரில் கரையவில்லை. சோடியம் உப்பாக மாற்றி ஏற்றியபோது சிறுநீர்ப்பை புண்ணாகி ரத்தம் போனது, ரத்த அணுக்கள் சரிந்தன. 1970-களில் சோதனையையே நிறுத்திவிட்டார்கள். செல் பிரியும்போது டிஎன்ஏவின் முறுக்கை அவிழ்க்கும் டோப்போஐசோமரேஸ்-1 நொதியைத்தான் இந்தப் பொருள் முடக்குகிறது என்பது 1985-ல் தெரியவந்தது. மூலக்கூறைக் கரையும்படி ஜப்பானில் மாற்றியமைத்தார்கள். அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1996-ல். மரப்பட்டையிலிருந்து பாட்டிலுக்கு வர 30 வருடம்.

இன்று இரினோடெக்கானை வேறு மருந்துகளோடு சேர்த்து ஏற்றும் ஃபோல்ஃபிரி முறையில் உடல் பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு 180 மி.கி. என்று கணக்கு. 160 செ.மீ. உயரம், 55 கிலோ எடை உள்ளவருக்கு ஏறக்குறைய 280 மி.கி. அது 90 நிமிடத்தில் இறங்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. அளவு கொஞ்சம் கூடினால் ஆபத்து, குறைந்தால் பயனில்லை. கஷாயத்தில் இந்தக் கணக்கைப் பிடிக்கவே முடியாது.

இனி மஞ்சளுக்கு வருவோம். வேகவைத்து, காயவைத்து, பாலிஷ் போட்டு அரைத்த நம் பக்கத்து மஞ்சள்தூளில், மருந்துக் குணம் உள்ளதாகச் சொல்லப்படும் குர்குமின் என்ற பொருள் 3 சதவீதம் அளவுதான் இருக்கும். ஆய்வில் ஒரு நாளைக்கு 2 கிராம் குர்குமின் கொடுத்தார்கள் என்றால், தூளாக அது 67 கிராம், சமையலறை டீஸ்பூனால் இருபதுக்கு மேல். அவ்வளவையும் சாப்பிட்டாலும் கல்லீரலுக்குப் போய்ச் சேருமா? இதை நேராகவே சோதித்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் லெஸ்டரில், குடல் புற்று கல்லீரலுக்குப் பரவி அறுவைக்குக் காத்திருந்த 12 பேருக்கு ஒரு வாரம் தினமும் 450 மி.கி. முதல் 3.6 கிராம் வரை குர்குமின் கொடுத்தார்கள். 2004-ல் வெளியான முடிவு: வெட்டியெடுத்த கல்லீரல் திசுவில் குர்குமின் இல்லை, அதன் சிதைவுப் பொருட்களின் சுவடு மட்டுமே இருந்தது. அதே குழு பெருங்குடல் திசுவைப் பார்த்தபோது அங்கே குர்குமின் இருந்தது. சாப்பிட்டது குடலின் உள்பக்கத்தைத் தொட்டபடியே போகிறது, அதனால் அங்கே கிடைக்கிறது. கிளம்பிப் போன புற்று செல்லோ, குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் ரத்தக்குழாய் வழியாகக் கல்லீரலில் இறங்கி உட்கார்ந்துவிட்டது. குர்குமினும் அதே குழாயில் ஏறத்தான் பார்க்கிறது. ஆனால் குடல் சுவரிலும் கல்லீரலிலும் உடனுக்குடன் உருமாற்றப்பட்டு வெளியேறுகிறது. ஆய்வகத் தட்டில் 20 மைக்ரோமோலார் என்ற செறிவில் குர்குமினை ஊற்றினால் புற்று செல் சாகும். நோயாளியின் ரத்தத்தில் கிடைப்பது அதில் மிகச் சிறு பங்கு.

அதற்காக குர்குமினைத் தூக்கிப் போடவேண்டும் என்று சொல்லவில்லை. பரவிய குடல் புற்று உள்ள 28 பேரை வைத்து, கீமோ மட்டும் ஒரு பிரிவு, கீமோவோடு தினம் 2 கிராம் குர்குமின் இன்னொரு பிரிவு என்று நடத்திய ஆய்வு 2019-ல் வந்தது. சேர்த்துக் கொடுப்பதில் பெரிய தொல்லை இல்லை. குர்குமின் பிரிவில் ஆயுள் கூடியதாகவும் தெரிந்தது. 28 பேரை வைத்து முடிவு கட்ட முடியாது, பெரிய ஆய்வு வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே யாரும் கீமோவை நிறுத்தவில்லை.

மிளகில்தான் சிக்கல். 1998-ல் ஓசூருக்குப் பக்கத்தில், பெங்களூரில் நடந்த ஆய்வில் 2 கிராம் குர்குமினோடு, மிளகில் உள்ள பைப்பரின் என்ற பொருளை 20 மி.கி. கொடுத்தபோது குர்குமின் ரத்தத்தில் சேர்வது பல மடங்கு உயர்ந்தது. எப்படி? பொருட்களை மாற்றி வெளியேற்றும் கல்லீரல், குடல் நொதிகளைப் பைப்பரின் தடுக்கிறது. இரினோடெக்கான் உடலில் எஸ்என்-38 ஆக மாறித்தான் வேலை செய்கிறது. அதன் நஞ்சை முறிப்பதும் அந்த வகை நொதிதான், பெயர் யுஜிடி1ஏ1. அதன் கையைக் கட்டினால் எஸ்என்-38 தேங்கக்கூடும். ரசத்தில் போடும் மிளகைச் சொல்லவில்லை. 'பயோ' என்று போட்டு விற்கும் பைப்பரின் கலந்த மாத்திரைகளைச் சொல்கிறேன். எதிர்ப்பக்கமும் நடக்கும்: ஐரோப்பிய மூலிகையான செயின்ட் ஜான்ஸ் வோர்ட் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் எஸ்என்-38 42 சதவீதம் குறைந்ததை 2002-ல் அளந்து காட்டினார்கள். மருந்து ஏறியும் ஏறாத மாதிரி.

அதிகம் பேர் தடுமாறுவது வயிற்றுப்போக்கில். முறிந்த எஸ்என்-38 பித்தத்தோடு குடலுக்கு வருகிறது. அங்குள்ள பாக்டீரியா அதை மறுபடி விடுவிக்க, குடல் சவ்வு புண்ணாகிறது. ஏற்றிய 24 மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கும் பேதி இது. வீட்டில் "கழிவு வெளியேறட்டும், நல்லதுதான்" என்று விட்டுவிடுகிறார்கள். சிலர் பேதியைக் கூட்டும் கடுக்காய்ப் பொடியோ நிலாவாரையோ வேறு கொடுக்கிறார்கள். இதில்தான் உயிர் போகிறது. பேதியை நிறுத்த மருத்துவர் கொடுத்தனுப்பும் லோபரமைடு மாத்திரையை முதல் தளர்ந்த மலத்திலேயே தொடங்க வேண்டும். வழக்கமான முறை: முதலில் 4 மி.கி., பிறகு 2 மணி நேரத்துக்கு ஒரு முறை 2 மி.கி., பேதி நின்று 12 மணி நேரம் ஆகும்வரை. உங்கள் மருத்துவர் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதன்படி. உப்பு-சர்க்கரைக் கரைசலும் (ஓஆர்எஸ்) அரிசிக் கஞ்சியும் கொடுங்கள். கேழ்வரகுக் களி, கொள்ளு, கீரை அந்த நாட்களில் வேண்டாம். பேதியோடு காய்ச்சலும் வந்தால் இரவு 2 மணியானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், வெள்ளையணு சரிந்திருக்கலாம்.

முள்சீத்தா இலைக் கஷாயம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதிலுள்ள அன்னோனசின் நரம்பு செல்லைப் பாதிக்கும் பொருள். கை நடுக்க நோயோடு தொடர்பு இருக்கலாம் என்று கரீபியன் தீவுகளில் எச்சரித்திருக்கிறார்கள். குடல் புற்றுக்கான இன்னொரு கீமோ மருந்தான ஆக்சாலிபிளாட்டின் ஏறி ஏற்கெனவே விரல் மரத்தவருக்கு இது வேண்டவே வேண்டாம். நித்தியகல்யாணியில் வரும் வின்கிரிஸ்டின் ரத்தப் புற்றுக்கு அருமையான மருந்து. குடல் புற்றுக்கு அல்ல. மரமஞ்சளில் உள்ள பெர்பெரின், குடலில் புற்றாக மாறக்கூடிய சிறு கட்டியை (பாலிப்) எடுத்தவர்களுக்கு அது திரும்ப வருவதைக் குறைத்ததாக 2020-ல் சீனாவில் நல்ல ஆய்வு வந்தது. அது தடுப்பு, பரவியதற்கான சிகிச்சை இல்லை.

என் ஆதங்கம் வேறு இடத்தில். சீனாவின் பழைய நான்கு மூலிகைச் சூரணம் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு தொகுதியும் ஒரே தரத்தில் தயாரித்து, இரினோடெக்கானோடு சேர்த்துக் கொடுத்தால் பேதி குறைகிறதா என்று யேல் பல்கலைக்கழகம் சோதித்தது. தாம்பரத்தில் தேசிய சித்த நிறுவனமே வைத்திருக்கிற நாம், நம் சூரணங்களை இப்படி மனிதர்களிடம் முறையாகச் சோதிக்க இன்னும் எவ்வளவு பணமும் அக்கறையும் போடவேண்டும்!

இப்போது வீட்டில் கஷாயம் கொடுத்துக்கொண்டிருந்தால் மறைக்காதீர்கள். திட்டுவார்கள் என்று பயந்து மறைப்பதுதான் கெடுக்கிறது. பொடியின் பாக்கெட்டையே எடுத்துப் போங்கள். என்ன பெயர், எத்தனை ஸ்பூன், எந்தத் தேதியிலிருந்து என்று கீமோ ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். மஞ்சள்காமாலை இல்லாமலே ரத்தப் பரிசோதனையில் பிலிருபின் அளவு எப்போதும் கொஞ்சம் கூடுதலாக வருகிறவர் என்றால் அதையும் சொல்லுங்கள். யுஜிடி1ஏ1 பிறவியிலேயே மந்தமாக இருக்கலாம், மருந்தின் அளவை முதல் சுற்றிலேயே குறைக்க வேண்டிவரும்.