பட்டனை அமுக்கினால் பத்து லிட்டர்

எங்கள் அபார்ட்மெண்ட் குரூப்பில் ஞாயிற்றுக்கிழமை ஒரு கூத்து நடந்தது. தண்ணீரை மிச்சப்படுத்தப் பழைய ஃப்ளஷ் டேங்குகளை மாற்றலாம் என்று நான் சொன்னதற்கு, கம்மோடில் என் முகத்தை ஒட்டி ஒரு ஸ்டிக்கர். படித்தவர்கள், நல்ல நகைச்சுவை உணர்வு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பழைய டேங்க் ஒரு தடவைக்குப் பத்து லிட்டருக்குக் குறையாமல் கொட்டும். இரட்டைப் பட்டன் டேங்கில் சிறியது மூன்று, பெரியது ஆறு. நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு நாளைக்கு இருபது தடவை, அதில் ஆளுக்கு ஒரு தடவை பெரியது, மற்றதெல்லாம் சிறியது என்று வைத்தால் 200 லிட்டர் எழுபது சொச்சமாகிவிடும். எங்களுடையது நாற்பது வீடு. இரண்டரை நாளுக்கு ஒரு லாரித் தண்ணீர், 12,000 லிட்டர் லாரி, மிச்சம்.

"கக்கூஸ்லயா சார் சிக்கனம்?" என்கிறார்கள். வேறெங்கே? குடிக்கிற தண்ணீரிலா?

சென்னையில் 2019 மறந்துவிட்டதா? புழல் ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அந்தக் கோடையில் அம்மா துணி அலசிய தண்ணீரைப் பாத்ரூம் வாசலில் பக்கெட்டில் பிடித்துவைப்பார். நுரையோடு இருக்கும். அதைத்தான் ஊற்ற வேண்டும், ஃப்ளஷைத் தொட்டால் திட்டு விழும். இரவு லாரி ஹாரன் கேட்டால் முழங்கால் வலியோடு அவர்தான் முதலில் குடத்தைத் தூக்குவார். எனக்கு இது ஜோக் இல்லை.

சின்னப் பட்டன் சரியாகத் தள்ளாது, இரண்டு தடவை அமுக்க வேண்டியிருக்கும் என்பது நியாயமான கேள்வி. பழைய பீங்கான் கம்மோடில் புது டேங்க் மட்டும் மாட்டினால் அப்படி ஆகலாம், இரண்டும் பொருந்த வேண்டும். செலவு என்பவர்கள் முதலில் கேசரிப் பவுடரை டேங்கில் கொஞ்சம் போட்டு, அரை மணி நேரம் ஃப்ளஷ் பண்ணாமல் இருங்கள். கம்மோடில் ஆரஞ்சு இறங்கினால் வாஷர் போய் டேங்க் ஒழுகுகிறது. வாஷர் என்ன விலை, சொல்லுங்கள்? அப்புறம், 'கம்பெனிக்காரன் தண்ணியை உறிஞ்சுறதைக் கேளு' கோஷ்டி. கேட்போம், நீங்களும் வாருங்கள். மீட்டிங்குக்கே வராதவர்கள்.

இதே குரூப்பில்தான் போன மாதம், வேலைக்கு வரும் அக்கா வாசல் கழுவ ஒரு பக்கெட் கூடுதலாகப் பிடித்தார் என்று அரை நாள் பஞ்சாயத்து. அப்போது தண்ணீர் தங்கமாக இருந்தது. அந்த அக்கா எந்த வீட்டு டாய்லெட்டுக்கும் போகக் கூடாதாம். கீழே பம்ப் ரூம் பக்கத்தில் தாழ்ப்பாள் சரியில்லாத ஒன்று இருக்கிறது, அங்கே போக வேண்டும். அதில் ஃப்ளஷும் இல்லை, குழாயும் இல்லை. தண்ணீரை வெளியிலிருந்து அவரே தூக்கிக்கொண்டு போகிறார்.