வாடகை விதியைத் திட்டுவதற்கு முன், ஒப்பந்தத்தில் யார் பெயர் இருந்தது என்று கேளுங்கள்

போன வாரத்திலிருந்து அந்த வீடியோவை எனக்கு அனுப்பாதவர்களே இல்லை. சிங்கப்பூரில் தங்கியிருந்த வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டு, அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து அழும் அந்தப் பையனை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தேவகோட்டைப் பக்கத்துப் பையன். எனக்கும் வயிறு எரிந்தது. ஆனால் அதன் கீழே வந்த கருத்துகளைப் படித்தபோது இன்னும் அதிகமாக எரிந்தது. ‘வெளிநாட்டான் என்றால் இவ்வளவுதான் மரியாதை’, ‘நம் உழைப்பு மட்டும் வேண்டும், நாம் வேண்டாம்’, ‘சிங்கப்பூர் விதியே அநியாயம்’ என்று ஆளாளுக்குத் திட்டித் தீர்த்திருக்கிறீர்கள். அந்த வீட்டின் வாடகை ஒப்பந்தத்தில் அவன் பெயர் இருந்ததா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

இல்லை. அவனே சொல்கிறான், “அண்ணன்தான் வீடு எடுத்திருந்தார், நான் அவரிடம் மாதாமாதம் பணம் கொடுத்தேன்” என்று. அந்த அண்ணன் யார்? சீனரா, மலாய்க்காரரா? நம் ஊர்க்காரர். அவரைப் பற்றி ஒரு கருத்தும் இல்லை.

நான் இதை எழுதக் காரணம், அந்தக் கீழ்த்தளத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

2016-இல் எஸ் பாஸ் என்னும் நடுத்தரத் திறனாளருக்கான வேலை அனுமதியில் சிங்கப்பூர் போனேன். காரைக்குடியில் என்னோடு படித்தவனின் உறவினர் ஒருவர், “தம்பி, தங்குவதற்கு நீ கவலைப்படாதே” என்றார். ஒரு மாத முன்பணம் 350 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மாத வாடகை 350 வெள்ளி. ரசீது கேட்டதற்கு, “நமக்குள் என்ன ரசீது?” என்று தோளில் தட்டினார். அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) நான்கறை வீடு அது. நான்கறை என்று பெயரே தவிர, மூன்று படுக்கையறையும் ஒரு கூடமும்தான். அதில் பதின்மூன்று பேர். முதல் நாளே எனக்குப் பாடம் நடத்தினார்கள். செருப்பை வாசலில் விடக் கூடாது, அக்கம்பக்கத்தார் எண்ணிவிடுவார்கள். ஆளுக்கொரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைக்க வேண்டும். மின்தூக்கியில் இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து ஏறக் கூடாது. யாராவது கேட்டால் விருந்தாளி என்று சொல்ல வேண்டும். ஒன்பது மாதம் நான் விருந்தாளியாக இருந்தேன், வாடகை கட்டிக்கொண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கதவு தட்டப்பட்டது. அதிகாரிகள் எங்கள் அட்டைகளை வாங்கிக் குறித்துக்கொண்டு போனார்கள். மாலையில் வீட்டின் உரிமையாளர் வந்தார், எழுபது வயதுச் சீன மூதாட்டி. அறை அறையாகப் போய் விரலால் கட்டில்களை எண்ணினார். எண்ணும்போதே அந்த விரல் நடுங்கியதை நான் பார்த்தேன். ஐந்து பேருக்குத்தான் அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். விதி மீறப்பட்டால் வீட்டையே கழகம் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அவருக்கு இருந்தது அந்த ஒரு வீடுதான். இன்றிரவே போய்விடுங்கள் என்றார். எங்களை அங்கே தங்கவைத்த அந்த ‘அண்ணனின்’ தொலைபேசி அன்று முழுதும் அணைந்திருந்தது. என் 350 வெள்ளி இன்றுவரை வரவில்லை.

அன்று நானும் அந்த மூதாட்டியைத்தான் மனத்துக்குள் திட்டினேன். அதனால் உங்கள் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அது தவறான ஆள்மேல் பாய்கிறது என்றுதான் சொல்கிறேன்.

அந்த விதிகள் ரகசியம் அல்ல. சுற்றுலா வந்தவருக்கு வீவக வீட்டை வாடகைக்கு விட முடியாது. வேலைக்கோ படிப்புக்கோ உரிய அனுமதி அட்டை வேண்டும், அதுவும் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைவாக யாருக்கும் விடக் கூடாது. வாடகைக்கு எடுத்தவர் இன்னொருவருக்கு உள்வாடகைக்கு விடவே கூடாது. எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. நான் இருந்தபோது நான்கறை வீட்டில் ஒன்பது பேர்வரை இருக்கலாம். 2018 மே மாதம் அதை ஆறாகக் குறைத்தார்கள். வாடகை ஏறி எல்லோரும் திண்டாடிய பிறகு, 2024 ஜனவரியிலிருந்து தற்காலிகமாக எட்டுப் பேர் என்று தளர்த்தினார்கள். பதின்மூன்று பேர் எந்தக் காலத்திலும் இல்லை.

விதி நமக்கு மட்டும் என்றும் நினைக்காதீர்கள். அந்த நாட்டுக் குடிமகனே தன் வீட்டில் குறைந்தது ஐந்து ஆண்டு குடியிருந்த பிறகுதான் முழு வீட்டையும் வாடகைக்கு விடலாம். நிரந்தரவாசிக்கு அந்த உரிமையும் கிடையாது. 1960-இல் கழகம் தொடங்கியது சொந்த மக்களைக் குடியமர்த்தத்தான். அவர்கள் வரிப்பணத்தில் கட்டிய வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவர்கள் கேட்பதில் என்ன தவறு? பெயரைப் பதிந்துவிட்டு இரு என்கிறார்கள். அவ்வளவுதான் கேட்கிறார்கள்.

‘ஒதுக்கீட்டு வரம்பைப் பற்றி ஏன் பேசவில்லை’ என்பீர்கள். பேசுகிறேன். முழு வீட்டை வெளிநாட்டவருக்கு விடுவதில் வட்டாரத்துக்கு 8 விழுக்காடு, ஒரு புளோக்குக்கு 11 விழுக்காடு என்று உச்சவரம்பு உண்டு. மலேசியர்களுக்கு அது இல்லை. கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் நம் ஆட்களுக்கு வீவக வீடே கிடையாது, மலேசியருக்கு உண்டு. அது எனக்கும் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தத் தொழிலாளர்களைத் தங்கவைப்பது முதலாளியின் பொறுப்பு என்று சட்டமே சொல்கிறது. வீடு வாங்கும் குடிமக்களுக்கே 1989 முதல் இன விகிதம் இருக்கும் நாடு அது. வேறு என்ன எதிர்பார்த்தீர்கள்?

‘இந்தியர் என்றாலே வீடு தர மறுக்கிறார்களே’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். உண்மை. எனக்கும் மறுத்திருக்கிறார்கள். சமையல் வாசனை என்றார்கள், ஆள் பெயரைக் கேட்டதும் வைத்துவிட்டார்கள். அது அநியாயம்தான், அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் அது சில வீட்டுக்காரர்களின் மனம். வாடகை விதியில் அப்படி எழுதியிருக்கவில்லை.

‘சம்பளம் குறைந்தவன் எப்படி முறையாக எடுப்பான்’ என்பதுதான் இவற்றில் கனமான கேள்வி. என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனாலும் இதைச் சொல்லுங்கள்: எட்டுப் பேர் சேர்ந்து முறையாகப் பெயர் பதிந்து இருக்க வழியிருக்கும்போது, பதின்மூன்று பேரை அடைத்து மிச்சப் பணத்தைச் சட்டைப் பையில் போடுபவர் ஏழைக்கு உதவுகிறவரா? மாதம் ஆயிரம் வெள்ளி அறை வாடகை என்றால், ஓராண்டு ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, அதாவது 48 வெள்ளி. முத்திரையிட்ட அந்த ஒப்பந்தத் தாள் கையில் இருந்தால் முன்பணத்துக்காகச் சிறு வழக்குகளுக்கான தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அது இல்லாததால்தான் அந்தப் பையன் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து வீடியோ எடுக்கிறான்.

எங்கள் ஐயா சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில், செட்டியார்களின் கடையும் தங்குமிடமுமான கிட்டங்கியில் சமையற்காரராக இருந்தவர். செட்டியார்கள் மூன்று ஆண்டுக் கணக்குக்குக் கொண்டுவிற்க, அதாவது வட்டித் தொழில் நடத்த, போன காலம். ஆளுக்கொரு பெட்டகம், ஒரு பாய், அவ்வளவுதான் இடம். அங்கும் நெருக்கடிதான். ஆனால் அடுப்படி ஆளான தன் பெயர்கூடப் பேரேட்டில் இருந்தது என்பதை ஐயா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். தன் பற்று வரவு எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதுகூட அவருக்கு நினைவிருந்தது. ஊர்க்காரன் ஊர்க்காரனை அழைத்துப் போனால் அவன் பெயரை எழுதி வைப்பது நம் வழக்கமாக இருந்தது. அது எங்கே போனது?

‘நீ திரும்பி வந்துவிட்டாய், உனக்கு எளிது’ என்று எழுதியவருக்கு: நான் 2019-இல் திரும்பி வந்து இதே காரைக்குடியில் வாடகை வீடு தேடினேன். தரகர் வாடகையைச் சொல்வதற்கு முன், “நீங்கள் என்ன ஆட்கள்?” என்று கேட்டார். நான்கு வீட்டில் கேட்டார்கள். நான்காவது வீட்டில் பதில் சொன்ன பிறகு, “பெண் வீட்டார் வந்து தங்கப் போகிறார்கள்” என்று கதவைச் சாத்தினார்கள். அந்தத் தெருவில் வளவு வளவாகப் பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தேன். சிங்கப்பூரில் பெயரைக் கேட்டு மறுத்ததற்குக் கொதிக்கிறவர்கள் இதற்கு ஒருநாள் கொதித்துப் பார்த்திருக்கிறேனா? இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருமுனையில் நடக்கும் கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த பதினாறு பேர் ஒரு தகரக் கொட்டகையில் படுக்கிறார்கள். ஒரு கழிப்பறை. நேற்றுக் காலை அவர்களில் ஒரு பையன் வாளியோடு எங்கள் வீட்டுக் குழாயடியில் வந்து நின்றான். பெயர் கேட்டேன், சொன்னான். அவர்களை அழைத்து வந்த மேஸ்திரியிடம் அவன் பெயரைச் சொல்லிக் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

வீடியோவில் இருந்த தம்பியின் எண் யாரிடமாவது இருந்தால் எனக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள். என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் தங்கியிருக்கும் வீட்டில் ஓரிடம் காலியாக இருக்கிறது. உரிமையாளரே ஒப்பந்தம் எழுதி, கழகத்தில் பெயர் பதிந்து கொடுப்பார். முதல் மாத முன்பணத்தை நான் கட்டுகிறேன். அவன் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், அது ஒன்றுதான் என் நிபந்தனை.